ராஜபிளவையும் மனிதப் பூண்டும்

முன்னொரு காலத்தில் என்றால் அது எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஒரு ராஜாவுக்கு முதுகில் ராஜபிளவை வந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி தேங்காய் மூடி அகலம் இருந்தது. ராஜாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை, சாய்ந்து உட்கார முடியவில்லை. பதினொரு நாளாகத் தூக்கமும் இல்லை. கீறிவிட்டால் சரியாகிவிடும் என்று எவனோ சொன்னதற்கு, "என்னருகே கத்தியோடு வருபவனின் கையை வெட்டுவேன்" என்று ஆணையிட்டுவிட்டுச் சபையிலேயே கட்டில் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

அந்த ராஜாவின் சபையில் சாத்தையன் என்று ஒரு விகடகவி இருந்தான். இருபத்தேழு வருஷமாக ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. இந்தப் பதினொரு நாளில் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. "சிரிக்க வை" என்பார் ராஜா. ஏதாவது சொல்வான். சிரித்ததும் முதுகு குலுங்கி வலிக்கும். "பாவி, சிரிக்க வைக்காதே!" என்று கத்துவார். பேசாமல் நின்றால், "ஏன் மரம் போல நிற்கிறாய்?" என்பார். சாத்தையனுக்கு ராஜாவின் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! அவனுக்கு முட்டி வலித்தது. எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

பதினோராம் நாள் பஹ்ராம் என்ற பாரசீகக் குதிரை வியாபாரி சபைக்கு வந்தார். ராஜா படும் பாட்டைப் பார்த்து மனம் இளகி, தங்கள் நாட்டு மூலிகை ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

"அரசே, அதன் வேர் மனிதனைப் போலவே இருக்கும். இரண்டு கால், இரண்டு கை. எங்கள் பாட்டன்மார் அதை மர்தும் கியா என்பார்கள். மர்தும் என்றால் மனிதர், கியா என்றால் பூண்டு. அரபிகள் யப்ரூஹ் என்பார்கள். யவனர்கள் மந்த்ரகோரா என்பார்கள். திராட்சை மதுவில் துளி ஊற வைத்துக் கொடுத்தால், காலை அறுத்தாலும் நோயாளிக்குத் தெரியாது. இலையை அரைத்து வீக்கத்துக்குப் போடுவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அளவு ஒரு துளி மிஞ்சினாலும் ஆளை எழுப்ப முடியாது."

உடனே அரண்மனைத் தலைமை வைத்தியர் நஞ்சுண்ட பண்டிதர் எழுந்தார். "மந்த்ரகோரா! கேட்டீர்களா அரசே? மந்திரம், கோரம். மந்திர சக்தியால் கோரமாய்க் கூச்சலிடுவது என்று பொருள். நம் மொழியிலிருந்து போன சொல்தான்."

பஹ்ராம் சிரித்துவிட்டார். "ஐயா, அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று யவனர்களுக்கே தெரியாது. ஆனால் கூச்சலிடும் என்று ஒரு கதை உண்டுதான். பிடுங்கும்போது வேர் அலறுமாம், கேட்டவன் செத்துப்போவானாம். அதனால் செடியை ஒரு நாயின் கழுத்தில் கட்டி இழுக்க விடுவார்களாம். நான் கண்டதில்லை. எங்கள் சந்தையில் விற்பதிலேயே பாதி, வேறு ஏதோ கிழங்கைச் செதுக்கி வைத்ததுதான்."

பண்டிதருக்குச் சாத்தையன்மேல் பல வருஷத்துப் பொறாமை. பதினொரு நாளாக எந்தக் களிம்பும் பலிக்காமல் அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பை வேறொருவன் தலையில் பூச இதைவிட நல்ல வேளை வருமா?

"அரசே, எதற்கும் விடை வைத்திருப்பவர் நம் சாத்தையன்தான். அவரையே அனுப்புங்கள். நாய் தொட்ட மருந்து தங்கள் திருமேனிக்கு ஆகாது, ஆகவே நாய் கூடாது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வேர் மெய்யானால் பிடுங்கியவன் பிழைக்க மாட்டான். பிழைத்து வந்தால் அது பொய் வேர். பொய் மருந்தை அரசருக்குக் கொடுக்க வருபவனுக்கு என்ன தண்டனை என்பது சபைக்குத் தெரியும்."

வலியில் பாதி காதில் விழாமலே ராஜா, "அப்படியே ஆகட்டும். மூன்று நாளில் கொண்டு வா, சாத்தையா" என்றார்.

சாத்தையன் வணங்கிவிட்டு வெளியே வந்தான். தலை போகும் என்ற பேச்சை இருபத்தேழு வருஷத்தில் நூறு தடவைக்குமேல் கேட்டாயிற்று. பயம்கூடப் பழைய செருப்பு மாதிரி தேய்ந்துபோயிருந்தது. ஆனாலும் ஒரு நினைவு அவனை அரித்தது. பஹ்ராம் 'ஒரு துளி மிஞ்சினால்' என்றாரே, மெய்யான வேரே கிடைத்தாலும் அந்தத் துளியை அளக்க இங்கே யாருக்குத் தெரியும்?

அவன் நேராகக் கோட்டைக்கு வெளியே இருந்த மருத்துவச்சி செம்பாயியின் வீட்டுக்குப் போனான். பிரசவம் பார்ப்பதும் கட்டி கீறுவதும் அவள் தொழில்.

"வாங்கண்ணே. என்ன மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு?"

"மூஞ்சிய விடு தாயி. ஒரு கட்டியப் பத்திக் கேக்கணும்" என்று சாத்தையன் ராஜாவின் முதுகைப் பற்றியும் கத்தி கூடாதென்ற ஆணையைப் பற்றியும் சொன்னான்.

"நடுவுல மஞ்சளா இருக்கா? நாலஞ்சு கண்ணு விட்டிருக்கா?"

"ஆமா."

"அப்ப பழுத்துருச்சு. ஒரு கீறு கீறினா எல்லாம் வடிஞ்சுரும். இன்னும் நாலு நாள் போச்சுன்னா வெசம் உள்ள ஏறிரும். அப்புறம் ராசா இல்லண்ணே."

சாத்தையன் ராஜாவை நினைத்துப் பார்த்தான். கோபக்காரர், பிடிவாதக்காரர், சின்னப்பிள்ளைக் குணம் எல்லாம் சரிதான். ஆனால் அவன் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, சபையை விட்டுவிட்டு அவன் வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவர் அந்த ராஜா.

"என் தலை எப்படியும் போகப்போவுது செம்பாயி. போறதுதான் போவுது, ஒரு வேலை செஞ்சுட்டுப் போகட்டுமே. உன் கைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன். வர்றியா?"

"நீங்க தலையவே வைக்கிறீங்க, நான் கையத்தான வைக்கணும்? வரேண்ணே" என்றாள் செம்பாயி.

மூன்றாம் நாள் காலை. சாத்தையன் சபைக்குள் நுழைந்தான். பின்னால் செம்பாயி ஒரு பெரிய மண்தொட்டியைச் சுமந்து வந்தாள். அதில் ஒரு செடி நின்றது. அதைக் கண்டதும் சபையோர் நாலடி பின்வாங்கினார்கள்.

பண்டிதர் துள்ளி எழுந்தார். "உயிரோடு வந்திருக்கிறாரே! அப்படியானால் வேர் பொய்!"

"பண்டிதரே, அரசர் 'கொண்டு வா' என்றார். 'பிடுங்கி வா' என்று சொல்லவில்லையே. மண்ணோடு தோண்டி எடுத்து வந்திருக்கிறேன். இன்னும் யாரும் பிடுங்கவில்லை. வேரின் குணம் அறிந்தவர் தாங்கள். வாருங்கள், தாங்களே பிடுங்கி மெய்யா பொய்யா என்று காட்டுங்கள்."

பண்டிதரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. "பிடுங்குவது வைத்தியன் தொழில் அன்று" என்றார்.

"அப்படியானால் நானே பிடுங்குகிறேன். செத்தால் கேட்க முடியாது, இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அலறல் கேட்டால் வேர் மெய் என்று ஒப்புக்கொள்வீர்களா?"

எந்தச் செடி அலறப்போகிறது என்று பண்டிதர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். "அலறல் கேட்டால் மெய். கேட்காவிட்டால் உமது தலை. சபையறிய ஒப்புக்கொண்டேன்."

சாத்தையன் ராஜாவின் கட்டிலருகே போனான். "அரசே, இந்த அம்மாள் மருந்து வைப்பவள். தங்கள் பக்கத்திலேயே நிற்பாள். எல்லோரும் காதில் பஞ்சு அடைத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அலறலைக் கேட்டவர், பிடுங்குவதைப் பார்த்தவர் உயிருக்கு நான் பொறுப்பில்லை."

சொல்லி முடிப்பதற்குள் சபை முழுவதும் பஞ்சுக்குப் பறந்தது. ராஜா இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு முகத்தைத் தலையணையில் புதைத்தார். காவலர்கள்கூட வேல்களைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். அத்தனை பேர் நடுவில் கண் திறந்திருந்தது இரண்டே பேருக்குத்தான்.

சாத்தையன் செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு செம்பாயியைப் பார்த்தான். அவள் கொண்டையிலிருந்து சிறு கத்தியை எடுத்தாள். அவன் தலையசைத்துச் செடியைப் பிடுங்கினான். அதே நொடியில் அவள் கட்டியைக் கீறினாள்.

அடடா, எழுந்ததே ஓர் அலறல்! பஞ்சைத் துளைத்துக்கொண்டு போயிற்று. சபையோர் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். பண்டிதர் தரையில் குப்புறக் கிடந்து, "அலறியது! கேட்டேன்! மெய்! மெய்யான வேர்தான்! ஐயோ, சாகிறேனே!" என்று கதறினார்.

ஒருவரும் சாகவில்லை. ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். செம்பாயி துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். குடம் கவிழ்ந்தது போலச் சீழ் வடிந்தது. ராஜா கண்ணில் நீரோடு திரும்பி அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யாரடா இவளைக் கத்தியோடு விட்டது?"

சாத்தையன் முட்டி மடக்கிக் கட்டிலருகே உட்கார்ந்தான். நிற்கத் தெம்பில்லை. "நான்தான் அரசே. தண்டனை எனக்கே. வேர் கத்தும் என்றார்கள். வேர் கத்தவில்லை, கத்தி கீறியது, தாங்கள் கத்தினீர்கள். மனிதப் பூண்டு என்றார்களே, பூண்டு வாய் திறக்கவில்லை, மனிதர்தான் திறந்தார். அலறல் மெய் என்று பண்டிதரே சாட்சி சொல்லிவிட்டார்."

ராஜா தோளை அசைத்துப் பார்த்தார். இன்னொரு முறை அசைத்தார். பதின்மூன்று நாளாக முதுகில் உட்கார்ந்திருந்த மலை இறங்கிப் போயிருந்தது. தரையில் கிடந்த பண்டிதரைப் பார்த்தார். அவர் இன்னும் காதைப் பொத்தியபடி, தாம் செத்துவிட்டோமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. மெல்லத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அளவுக்குப் போயிற்று.

"அந்தச் செடி என்ன செடியடா, சாத்தையா?"

"நம் புறம்போக்கில் கிடக்கிற அமுக்கரா, அரசே. கிழங்கைப் பாலில் அவித்து, காயவைத்துப் பொடித்து, இத்தனூண்டு சாப்பிட்டால் தூக்கம் வரும். பண்டிதர் மருந்துப் பெட்டியில் நிறையவே இருக்கும். கடல் கடந்து வந்த பெயர் அதற்கு இல்லை, அதனால் கண்ணில் படவில்லை போலும்."

பண்டிதர் தலை குனிந்தார். புண் ஆறும்வரை அவரே தினமும் கிழங்கை அவித்து இடித்துத் தர வேண்டும் என்று ராஜா உத்தரவிட்டார். செம்பாயிக்குக் காதுக்கும் கைக்கும் பொன் கொடுத்து, இனி அரண்மனையில் கத்தி எடுக்க அவளுக்கு மட்டும் உரிமை என்றார். பிறகு சாத்தையனைப் பார்த்தார்.

"உனக்கு என்ன வேண்டும்? ஓர் ஊரையே எழுதித் தரட்டுமா?"

"ஊர் வேண்டாம் அரசே. இரண்டு மாதம் யாரையும் சிரிக்க வைக்காமல் இருக்க அனுமதி வேண்டும்."

ராஜா மறுபடியும் சிரித்தார். "ஊரும் எடுத்துக்கொள், மாதம் ஆறாக எடுத்துக்கொள்" என்று தன் சொந்தப் பல்லக்கிலேயே அவனை ஏற்றி அனுப்பினார்.

பல்லக்கு கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. வீட்டு வாசலில் அவன் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். விரலை உதட்டில் வைத்து, "எறக்காதீங்கப்பா. அப்படியே நிழல்ல கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றாள். பல்லக்குத் தூக்கிகள் நான்கு பேரும் புங்கமர நிழலில், தோள் மாற்றிக்கொள்ளக்கூட அசையாமல், பொழுது சாயும்வரை நின்றார்கள்.