இடது கதவின் டொக்கு

முதலில் தப்புச் செய்தவன் தெய்வசிகாமணிதான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. போகப் போகக் கதை வேறு பக்கம் சாய்கிற மாதிரித் தெரியும்.

நாச்சிமுத்து அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்திய நாள். இரண்டே கதவு வைத்த கார். ஓடி ஓய்ந்து யாருடைய ஷெட்டிலோ தூசி குடித்துக் கிடந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முகப்பில் சந்தனம் குங்குமம் இட்டு, சொந்தபந்தம் சுற்றி நிற்கும்போது மச்சான் தெய்வசிகாமணி முன்னால் வந்தான்.

"லேத்துப் பட்டறைக்காரருக்கு ரேஸ் காருங்களாமா! இதுக்கு எங்கூட்டு எருமை முன்னால போயிரும்."

சொல்லிவிட்டு இடது கதவில் செருப்புக் காலால் ஓர் உதை விட்டான்.

தகடு உள்வாங்கிக் கதவில் டொக்கு விழுந்தது. சொந்தபந்தம் சிரித்தது. நாச்சிமுத்துவின் மனைவி பூவாத்தாள்கூட, அண்ணன் பேச்சுக்கு வந்த சிரிப்பை முந்தானைக்குள் வைத்து அமுக்கினாள். அதை நாச்சிமுத்து பார்த்துவிட்டார்.

அன்றோடு மச்சானிடம் பேச்சு நின்றது. காரில் வேலை தொடங்கியது.

கார்புரேட்டரை மாற்றினார். பிறகு ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைத்தார். வேகம் கூடியதும் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்கைப் பெரிதாக்கினார். பிரேக் பிடித்ததும் டயர் வழுக்கியது. அகலச் சக்கரம் போட்டார். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கையை நீட்டியது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் காருக்கு அடியிலேயே போயின. அப்படி ஒன்பது வருஷம்.

புதுச் சிவப்பு அடிக்க வந்த பெயிண்டர் கேட்டான்.

"அண்ணா, இந்த டொக்கை எடுத்துப்போடலாமுங்களா? ஒரு நிமிச வேலை."

"பெயிண்ட மட்டும் அடி. அதத் தொட்டீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்."

பெயிண்டர் டொக்கின் மேலேயே சிவப்பு அடித்துவிட்டுப் போனான்.

நாச்சிமுத்துவின் கணக்கு சுலபமானது. தெய்வசிகாமணி ஒருநாள் வருவான். அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பான். 'தப்புத்தானுங்க மாப்ள' என்று சொல்வான். அதுவரை டொக்கு அங்கேயே இருக்கட்டும்.

தெய்வசிகாமணி வரவில்லை. மகள் மைதிலிக்குக் கல்யாணம் வந்தது.

அச்சடித்த பத்திரிகைகள் மஞ்சள் தடவிப் பூஜை அறையில் அடுக்கியபடி இருந்தன. பூவாத்தாள் அதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"மொதப் பத்திரிக்கை தாய்மாமனுக்குங்க. எங்கண்ணனுக்கு வெக்காம நான் வேற எந்த வாசல்லயும் தட்டு நீட்ட மாட்டேன்."

"மொதல்ல அவன வந்து தப்புன்னு சொல்லச் சொல்லு."

"இது உங்க காருக்குக் கண்ணாலமுங்களா, நம்ம புள்ளைக்குக் கண்ணாலமுங்களா?"

மைதிலி இருவரையும் பார்த்தாள். உள்ளே போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நாச்சிமுத்துவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். காரை எடுத்துக்கொண்டு நொய்யல் ஓரத்து மடத்துக்குப் போனார்.

மடத்தில் இருந்தவர் வேலப்ப சாமி. நாச்சிமுத்து அவருக்குச் சீடர். சாமியைவிட வயதில் மூத்த சீடர். டொக்கின் கதை சாமிக்கு மனப்பாடம்.

"சாமி, தப்புன்னு வாயத் தொறந்து சொல்லாதவன எப்படீங்க மன்னிக்கறது?"

சாமி வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

"ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போறீங்களா?"

நாச்சிமுத்துவுக்கு உள்ளூரச் சந்தோஷம். சாமியை இடது பக்கம் உட்காரவைத்து சீட் பெல்ட் பட்டையை மாட்டிவிட்டார்.

"என்னுங்க இது, தூளியில போட்டுக் கட்டுன மாதிரி இருக்குதே."

"வளைவுல தூக்கி அடிக்குமுங்க, அதுக்குத்தான்."

கார் ஆற்றங்கரை ரோட்டில் சீறிப் போனது. சாமி இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து மடத்து வாசலில் நிறுத்திய பிறகுதான் கண்ணை முழுசாகத் திறந்தார். காருக்குள் சுற்றிப் பார்த்தார்.

"கதவெல்லாம் உள்ள வெறுந்தகடா இருக்குதே?"

"எடை கொறையட்டும்னு அட்டையக் கழட்டிட்டனுங்க சாமி. கம்பளம், ஏசி, பின் சீட்டு, எல்லாம் போயாச்சு. வேண்டாத பாரம்னு இதுல ஒண்ணு இல்லீங்க."

"மச்சான் ஒதச்ச எடம் எதுங்க?"

"உங்க முட்டிக்குப் பக்கத்துலதானுங்க. தகடு உள்ள பொடச்சுட்டு இருக்குது பாருங்க."

"இதுங்களா?"

சாமி அந்தப் புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

'டொம்' என்று ஒரு சத்தம்.

நாச்சிமுத்து இறங்கி அந்தப் பக்கம் ஓடினார். கதவு நிரவலாக இருந்தது. கையால் தடவினார். மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கு தடவியும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"என்ன சாமி பண்ணிட்டீங்க!"

"சரியாப்போச்சுங்களே."

"யாருங்க சரிபண்ணச் சொன்னா? நாளைக்கு அவன் வந்தா நான் எதக் காட்டுவேன்? நான் எங்க ஒதச்சேன்னு கேப்பானே!"

 சாமி பட்டையை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். வழவழவென்று அது சாத்திக்கொண்டதை நாச்சிமுத்துவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டடி பின்னால் போனார். முன்னால் வந்து, இடது கதவில் செருப்புக் காலால் ஓங்கி உதைத்தார்.

கதவு உள்வாங்கியது. போன டொக்கைவிடப் பெரிசு. இடமும் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. செருப்பின் வார் இழுத்ததில் சிவப்பு உரிந்து தகரம் தெரிந்தது. செருப்பு கழன்று காருக்கு அடியில் போய் விழுந்தது.

மடத்துச் சமையலுக்குக் காய் அரிந்துகொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு வெளியே வந்தார்கள். அதில் ஒருத்தி அரிவாள்மணையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, காரு உங்கள ஏதாச்சும் பண்ணிருச்சுங்களா?"

நாச்சிமுத்து முழங்கால் போட்டுக் குனிந்து காருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். அந்தக் காருக்கு அடியில் அவருக்குத் தெரியாத இடம் கிடையாது. ஆனாலும் செருப்பு உடனே அகப்படவில்லை. காதிலிருந்து கழுத்துவரை சுட்டது. செருப்பு கைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார்.

பெண்கள் உள்ளே போனார்கள். சாமி நகரவில்லை.

நாச்சிமுத்து எழுந்தார். செருப்பைக் காலில் போடவில்லை.

"அவன் ஒதச்சது ஒதச்சதுதானுங்களே சாமி?"

"ஆமாங்க."

"ஊரு முன்னால ஒதச்சான்."

"அது தப்புத்தானுங்க."

"இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலீங்க."

"கேக்கலை. அந்தப் பாக்கி அப்படியேதான் நிக்குது. யாரு இல்லைங்கறா?"

நாச்சிமுத்து கதவைப் பார்த்தார். பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்தார்.

"அவனுக்குப் பத்திரிக்கை வெக்கணும்னா பூவாத்தாளக் கூட்டிக்கிட்டு இந்தக் காருலதானுங்க சாமி போகணும்."

"போங்க. வாசல்ல கொண்டுபோய் நிறுத்துனதும் மச்சான் வந்து பாப்பாரு. இது யாரு மாப்ள ஒதச்சதுன்னு கேப்பாரு."

சாமி புது டொக்கைக் கையால் தடவினார்.

"என்னங்க சொல்லுவீங்க?"