ராஜாவின் சீயக்காய்க் குளியல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டை என்ற நாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தது நினைத்தபோதே நடந்தாக வேண்டும். காலையில் ஒருவருக்கு முத்துமாலை போடுவார். மாலையில் அவரையே ஊரைவிட்டுத் துரத்தச் சொல்வார்.

அவருக்குத் தலையில் தீராத அரிப்பு. சபையில் வழக்கு நடக்கும்போதே கிரீடத்தைத் தூக்கிச் சொறிந்துகொள்வார். அவருடைய குளியலறைக்கு அதிகாரி கனகசபை என்பவர். கப்பலில் வரும் வாசனைச் சாந்துகளை வாங்கி வாங்கிப் பூசுவார். வாசனை கோட்டை வாசல் வரைக்கும் வீசும், அரிப்பு மட்டும் போகாது. பொடுகு தோளில் கொட்டினால், "மகாராஜா தோளில் மல்லிகை உதிர்ந்திருக்கிறது" என்பார்.

மந்திரி அம்பலவாணருக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கீழவீதியில் இருந்த செங்கமலம் என்பவளிடம் போனார். சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை எல்லாவற்றையும் மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, சாமியை நினைத்துக்கொண்டு உரலில் இடிப்பாள் செங்கமலம். தன் பிள்ளைகளுக்கென்று இடிப்பதில் கேட்டவர்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பாள். ராஜாவுக்கு என்றதும் இரண்டு தரம் சலித்துக் கொடுத்தாள்.

"எண்ணெய் நல்லா ஊறட்டும்யா. அப்புறம் வடிச்ச கஞ்சியில கரைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை காலையில் ராஜா மணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அரண்மனையே அதிரும்படி ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், ராஜாவின் இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து, நீர் தாரைதாரையாகக் கொட்டுகிறது.

கனகசபைக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

"மிளகைக் கலந்து உங்கள் கண்ணைக் கெடுக்கப் பார்த்திருக்கிறாள், மகாராஜா. நல்ல சீயக்காய் எரியவே எரியாது. எங்கள் வீட்டில் இடிப்பது பால் மாதிரி குளுகுளுவென்று இருக்கும். இதை இங்கே கொண்டுவந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை" என்று மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

செங்கமலத்தைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"பொழுது சாய்வதற்குள் நீ குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்" என்றார் ராஜா, கண்ணில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே.

"என் மக நிறைமாசம், ராசா. அவளை நடக்கவச்சு எங்கே கூட்டிட்டுப் போவேன்?" என்றாள் அவள். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் உதடு மட்டும் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அம்பலவாணர் எழுந்தார். "தீர்ப்பு இருக்கட்டும், மகாராஜா. தங்கள் தலை அரிப்புக்கு வழி வேண்டுமே. கனகசபையார் வீட்டுச் சீயக்காய் பால் மாதிரி இருக்குமாம். ஒரு கிண்ணம் வரவழைத்து இந்தச் சபையிலேயே அவர் தலையில் தேய்த்துக் காட்டட்டும். அப்புறம் தங்களுக்குப் பயமில்லாமல் தேய்க்கலாம்."

"தாராளமாக" என்றார் கனகசபை, மீசையைத் தடவிக்கொண்டு.

வீட்டிலிருந்து பொடி வந்தது. கரைத்தார்கள். கனகசபை மணையில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அடடா, என்ன இது?" என்றார் மந்திரி. "ராஜா முன்னால் கண்ணை மூடுவது அவமரியாதை என்று, கண் அசந்த புலவரைப் போன மாதம் நீங்கள்தானே வெளியே அனுப்பினீர்கள்? மகாராஜாவைப் பார்த்தபடி இருங்கள்."

"தேய்த்து முடிக்கட்டும், அப்புறம் பார்க்கிறேன்."

"பால்தானே, கனகசபையாரே? திறந்தால் என்ன?"

"திறவும்" என்றார் ராஜா.

திறந்தார். நுரை புருவத்தைத் தாண்டி இறங்கியது. அவ்வளவுதான். "தண்ணி, தண்ணி" என்று மணையைத் தட்டிவிட்டு எழுந்து தூணில் போய் முட்டிக்கொண்டார்.

"உம் வீட்டுப் பொடியிலும் மிளகா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லை, மகாராஜா. சீயக்காய் என்றால் எரியத்தான் செய்யும். நாங்கள் சின்னப் பிள்ளையிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா மெதுவாகச் சபையைச் சுற்றிப் பார்த்தார். "இது உங்கள் எல்லோருக்கும் தெரியுமா?"

தளபதி வாளின் பிடியைப் பார்த்தார். சோதிடர் கூரையைப் பார்த்தார். காலையில் தண்ணீர் ஊற்றிய வேலைக்காரன் முன்னால் வந்து, "மகாராஜா நுரையை வேடிக்கை பார்த்தீங்க. வேண்டாம்னு உங்களுக்கு உத்தரவு போட எங்களுக்கு ஏது வாய்?" என்றான்.

ராஜா செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். பிறந்தபோதே தாயைப் பறிகொடுத்தவர் அவர். பன்னீரிலேயே குளித்து வளர்ந்தவர்.

"செங்கமலம், நீயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

"யாராச்சும் சொல்லுவாங்கன்னு நினைச்சுட்டேன், ராசா. தலைக்குத் தேய்க்கையில பிள்ளைகிட்ட கண்ணை மூடிக்கோன்னு சொல்லாத வீடு எங்க வீதியில இல்லை. உங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியலையே."

ராஜா துணியை மறுபடியும் கண்ணுக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை எரிச்சலுக்காக அல்ல.

தீர்ப்பு அங்கேயே மாறியது. செங்கமலத்தின் மகளுக்கு அரண்மனை மருத்துவச்சியே துணைக்குப் போனாள். அரண்மனைத் தோட்டத்துச் செம்பருத்தியை வேண்டியமட்டும் பறித்துக்கொள்ளவும் செங்கமலத்துக்கு அனுமதி. மந்திரியைச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார் ராஜா.

கனகசபை தன் பெட்டி படுக்கையைக் கட்டத் தயாராகிவிட்டார்.

"எங்கே போகிறீர்? உமக்கு வேலை இருக்கிறது" என்றார் ராஜா. "இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பக்கத்தில் நின்று, கண்ணை மூடு என்று எனக்கு உத்தரவு போட வேண்டும். மூடுங்கள் என்று அல்ல. மூடு என்று."

அடுத்த சனிக்கிழமை வந்தது. எண்ணெய் ஊறி, பொடி தேய்த்தாகிவிட்டது. நுரை நெற்றிக்கு வந்துவிட்டது. ராஜா கண்ணை அகலத் திறந்துகொண்டு காத்திருக்கிறார். கனகசபைக்கு உடம்பெல்லாம் வியர்வை. இருபது வருஷமாக "ஆமாம் மகாராஜா" தவிர வேறொன்றும் சொல்லாத வாய். "மூ... மூ..." என்கிறார். நுரை புருவத்துக்கு இறங்கியது.

பயத்தில், தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியது அப்படியே வந்துவிட்டது.

"கண்ணை மூடுடா."

குளியலறையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ராஜா மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தில் நுரை வழிய வழிய, சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.