மரத்துப்போன காலுக்கு ஒரு கும்பிடு

“அம்மா, எனக்குப் பற்றெல்லாம் அத்துப்போச்சு. வாசல்ல நிக்கிற என் தங்கச்சியைத் திருப்பி அனுப்பிடுங்க” என்றான் செங்கோடன்.

மலையடிவார மடத்தின் தலைவி அகிலாண்டத்தம்மை அவனைவிடப் பத்து வயது இளையவள். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு வந்திருக்கா?”

“அவ குழந்தைக்குக் காது குத்தணுமாம். தாய்மாமன் மடி வேணுமாம். ஆசாரியையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கா.”

“போய் உட்காரேன்.”

“குழந்தையைப் பார்த்தேம்மா. மனசுல ஒண்ணுமே அசையலை. வெறும் மடியை வச்சு அவ என்ன பண்ணுவா?”

“எப்போலேர்ந்து இப்படி?”

சொன்னான். ஒரே மழைக்காலத்தில் அம்மா போனாள், வீடு இடிந்தது, கூடப்பிறந்த அண்ணனே வழக்குப் போட்டான். நெஞ்சு படபடக்க உறக்கமில்லாமல் கிடந்தவனுக்கு, ஒரு காலையில் பல் துலக்கும்போது வேறு யாரோ துலக்குவதுபோல் இருந்தது. அன்றோடு அழுகையும் நின்றது, பயமும் நின்றது.

மடத்தில் பாதிப்பேர் அவனை ஞானி என்று நம்பி, அவன் குளித்த பிறகுதான் குளித்தார்கள். பாவம், அவனும் நம்பிவிட்டான்.

“சரி, நீயே போய்ச் சொல்லிடு” என்றாள் அம்மை.

விடியலிலிருந்து சம்மணம் போட்டிருந்தவன் எழுந்தான். இடது கால் அவனோடு வரவில்லை. தொப்பென்று விழுந்தான்.

“கால் மரத்துப்போச்சும்மா.”

அம்மை அந்தக் காலை நறுக்கென்று கிள்ளினாள். “வலிக்குதா?”

“இல்லை.”

அம்மை முறத்தை ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் காலின் முன் விழுந்து கும்பிட்டாள்.

“ஐயோ, என்னம்மா இது!”

“சும்மா இரு. வலியும் இல்லை, சுகமும் இல்லை. இந்த மடத்துலயே இதுக்குத்தான் முத்தி கிடைச்சிருக்கு. தேய்ச்சுக் கெடுத்துடாதே.”

“அப்புறம் நான் எப்படி நடக்கிறது?”

“முத்தி அடைஞ்ச காலுக்கு நடை எதுக்கு?”

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. சிரித்தபடியே காலைத் தேய்த்தான். கட்டெறும்புக் கூட்டம் ஏறியதுபோல் சுருக்சுருக்கென்றது.

“ஆ! உயிர் போகுதும்மா!”

“போகலை, வருது. வேணும்னா மறுபடி அமுக்கி மரக்க வச்சிடட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்!”

சொன்னவன் சட்டென்று வாசல் பக்கம் பார்த்தான்.

“அங்கே போனா மனசும் இப்படித்தான் வலிக்குமாம்மா? எல்லாம் ஒரேயடியா வந்துட்டா நான் தாங்க மாட்டேன்.”

“இன்னிக்கு நீ எழுந்து நிக்கவே வேண்டாம். அவ மடிதானே கேட்டா? உட்கார்ந்தாப் போதும்.”

தங்கை பூவாயி வந்து குழந்தையை அவன் மடியில் வைத்தாள். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. ஆசாரி ஊசியை எடுத்தார்.

குழந்தை வீரிட்டது. கூடவே செங்கோடனும் விக்கி விக்கி அழுதான். அம்மாவுக்காக அழாமல் மிச்சம் வைத்திருந்த அழுகையெல்லாம் அதில் வந்தது. குழந்தையை மட்டும் அவன் இறுக்கிப் பிடித்திருந்தான்.

சமையல்காரர் சர்க்கரைக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். குழந்தையைப் பார்த்தார், ஞானியைப் பார்த்தார், திகைத்து நின்றார்.

“என்ன பார்க்கறீங்க? ரெண்டு வாயிலயும் போடுங்க” என்றாள் அம்மை.