ஸ்தோத்திரச் சீட்டு

ஆசீர் வாத்தியார் அன்று சாயங்காலம் உட்காரவே இல்லை. போதகர் வீட்டுக் கூடத்தில் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். வேதக்கண் ஐயருக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் வேதம் படிக்க வந்த வாத்தியாருக்கு ஐம்பத்தொன்று. பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவர். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் அவரை உபதேசியாராக, ஐயருக்குத் துணையாகச் சபைக்குப் போதிக்கிறவராக, ஏற்படுத்துவதாக இருந்தது.

"நாளைக்கு நான் வரல ஐயா. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"ஏன் சார்?"

"வெள்ளிக்கிழமை பரிணாமம் நடத்துனேன். உயிரெல்லாம் கோடிக்கணக்கான வருஷத்துல தானா மாறி வந்துதுன்னு போர்டுல எழுதுனேன். நாளைக்கு அதே வாயால ஆண்டவர் படைச்சார்னு சொல்லணும். ரெண்டுல எது பொய், சொல்லுங்க."

ஐயர் மேசையில் கிடந்த சீட்டுகளை எடுத்தார். ஆண்டவர் செய்த நன்மைக்கு நன்றி சொல்லிச் சபையார் எழுதிக் கொடுப்பவை. ஞாயிறுதோறும் அவற்றைக் கோயிலில் வாசிப்பவர் வாத்தியார்தான். இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சீட்டையும் எடுத்துச் சேர்த்து நீட்டினார்.

"எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போங்க."

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. நெஞ்சு கொதிக்கிறவனிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் வராது? ஆனாலும் பழக்கதோஷம், சிவப்புப் பேனா கைக்கு வந்துவிட்டது. நின்றபடியே திருத்தினார்.

கடைசிச் சீட்டில் இருந்தது அவருடைய கையெழுத்து. நாலு வருஷத்துக்கு முந்தியது.

'ஆண்டவர் எங்களுக்கு ஒரு மகளை தந்ததற்காக ஸ்தோத்திரம்.'

"ஜெபா ஏழு மாசத்துல பிறந்தவ, இல்லியா சார்?"

"ஆமா. தொள்ளாயிரத்து இருபது கிராம். அம்பத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டில இருந்தா."

"எப்படிப் பிழைச்சா?"

"நுரையீரல் கொஞ்சங்கொஞ்சமா விரிஞ்சுது. ஒவ்வொரு நாளும் என்ன நடக்குன்னு எனக்குத் தெரியும். நான் படிச்ச படிப்பு அது. தானாத்தான் வளந்தா."

"அப்ப, தந்தார்னு எழுதுனது பொய்யா? பேனா கையிலதான இருக்கு. பொய்யின்னா அடிச்சிருங்க."

பேனா அந்தச் சொல்லுக்கு மேலே போய் நின்றது.

"எம்பிள்ளை பிழைச்சுட்டா, அதனால எழுதிட்டேன். பக்கத்துப் பெட்டில..."

வாத்தியார் சட்டென்று நிறுத்தினார். சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். பக்கத்துப் பெட்டில கிடந்தது எம்மவன்தான். பதினோரு நாள். ஏன் பிழைக்கலன்னு டாக்டர் படம் வரஞ்சு காட்டுனார். எல்லாத்தையும் கேட்டுட்டு வந்துதான் நானும் ஒரு சீட்டு எழுதுனேன். நீங்கதான வாசிச்சிய."

"ஆமா."

"என்னன்னு எழுதியிருந்தேன்?"

வாத்தியார் பேனாவைச் சீட்டின் மேலிருந்து விலக்கினார்.

"பதினோரு நாள் தந்ததுக்கு ஸ்தோத்திரம்னு எழுதுனேன் சார்."

வாத்தியார் மறுபடியும் சீட்டின் மேல் குனிந்தார். 'மகளை'க்கும் 'தந்ததற்காக'வுக்கும் நடுவே, விட்டுப்போயிருந்த ஒரு 'த்'தை மட்டும் சிவப்பில் எழுதிச் சேர்த்தார்.