செம்பு மூடியும் கொட்டாங்கச்சி அகப்பையும்

“கோரைக்குச் சாயம் ஏத்த அரண்மனை மூடி மாதிரி வராதுக்கா. மல்லாத்தி வெச்சா ஒரு கட்டுக் கோரை அப்படியே முங்குது.”

கோரைத் தெரு வழியே போன பல்லக்கின் திரைக்குள் தூங்கி வழிந்துகொண்டிருந்த ராஜாவின் காதில் இது விழுந்தது. தூக்கம் போய்விட்டது.

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதாழி நாட்டை ஆண்ட குமரகண்டர்தான் அந்த ராஜா. நல்லவர்தான். ஆனால் காலையில் ஒருவரைத் தோளில் தூக்கி வைப்பார், மாலையில் இறக்கி விடுவார். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அவருடைய தலைநகரில் பன்னிரண்டு தெருக்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழையோடு வயிற்றுப்போக்கு வரும். குழந்தைகளைத்தான் முதலில் கொண்டுபோகும். அந்த ஆண்டு அரண்மனை வைத்தியர் திருமேனியார், கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கொரு செம்பு மூடி கொடுக்கச் செய்தார். குடிதண்ணீர்ப் பானையை மூடி வைக்கும்படி முரசறைந்தார்கள். தை பிறந்தது, நோய் அடங்கியது. வைத்தியருக்கு ‘நோய்வென்றார்’ என்று பட்டம் கட்ட நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் இந்தச் சாயப் பேச்சு.

மறுநாள் சபையில் ராஜா கொதித்தார். வைத்தியர் எண்ணெய் வார்த்தார். “கோரைத் தெருவில் பாய் முடைகிறவர்களுக்கு இவ்வளவு திமிரா? அரச பரிசைப் பயன்படுத்தாத தெரு ஊருக்குள்ளே இருக்கக் கூடாது, மகாராஜா!”

அந்தத் தெருவின் நாற்பது குடும்பமும் ஆற்றுக்கு அப்பால் போக வேண்டும் என்று ராஜா அப்போதே ஓலை எழுதச் சொன்னார்.

மந்திரி பெரியாண்டார் மெல்ல எழுந்தார். “பட்டம் கட்டும்போது எனக்கும் ஒன்று கட்டுங்கள். நோயை அடக்கியது நான்.”

“நீரா?”

“கார்த்திகைக் கடைசியில் பட்டத்து யானை வாலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டினேன். தையில் நோய் அடங்கிவிட்டதே!”

வைத்தியர் வயிறு குலுங்கச் சிரித்தார். “மந்திரியாரே, மழை நின்றது, நோயும் நின்றது. வருஷா வருஷம் நடப்பதுதானே? இதில் யானை வால் எங்கே வந்தது?”

“நானும் அதைத்தான் கேட்கிறேன். மூடி எங்கே வந்தது?”

வைத்தியரின் சிரிப்பு நின்றது. சபையின் சிரிப்பு தொடங்கியது.

“அப்படியானால் மூடி வீணா?” என்றார் ராஜா.

“எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அடுத்த மழை முடியும்வரை ஓலையை நிறுத்தி வையுங்கள். நோயைக் குறைப்பது எது என்று காட்டுகிறேன். முடியாவிட்டால் கோரைத் தெருவோடு நானும் ஆற்றைத் தாண்டுகிறேன்.”

ராஜா சம்மதித்தார். மந்திரி நேரே கோரைத் தெருவுக்குப் போனார். சாயத்தைப் பற்றிப் பேசியவள் சிலம்பாயி. பயந்து கதவோரம் நின்றாள்.

“ஏம்மா, மூடியைப் பானை மேல் வைக்கவில்லை?”

“வெச்சுதான் பார்த்தோம் சாமி. தெறந்து, குவளையை உள்ள விட்டு மொள்ளுறோம். புள்ளைங்க சேத்துக் கையோட விடுதுங்க. கையே உள்ள போயிடுது. அப்புறம் மூடி எதுக்கு?”

கை உள்ளே போகாமல் எடுக்க என்ன வழி என்று கேட்டார். அவள் அடுக்களையிலிருந்து கொட்டாங்கச்சி அகப்பையைக் கொண்டுவந்தாள். காம்பு குட்டை, விரல் நனைந்தது. ஒரு முழக் காம்பு போட்டார்கள். வைக்க இடமில்லாமல் தரையில் கிடந்தது. பானைக் கழுத்தில் கொக்கி வைத்தார்கள். மூன்று வீடுகளில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்து, பிறகே சபைக்குக் கொண்டுபோனார்.

“பன்னிரண்டு தெருவுக்கும் நாளைக்கே கொடுங்கள்!” என்றார் ராஜா.

“கொடுத்தால் அடுத்த தையிலும் யானை வாலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம் மகாராஜா. இப்போது ஆறு தெருவுக்கு. மழை முடிந்ததும் மற்ற ஆறுக்கு.”

“எந்த ஆறு என்று நான் சொல்கிறேன்,” என்றார் வைத்தியர்.

“நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம்.”

சீட்டு எழுதிக் குலுக்கி, ராஜாவே எடுத்தார். கோரைத் தெரு வந்தது. திருமேனியார் குடியிருந்த வைத்தியர் தெருவும் வந்தது. யாருக்கு அகப்பை போனது என்று அறியாத வெளியூர் மருத்துவச்சிகள் மழைக்காலம் முழுவதும் வாசலில் நின்றபடியே விசாரித்தார்கள். நோய் கண்டவர் ஒருவருக்கு ஒரு புளியங்கொட்டை, தெருவுக்கொரு கலயம்.

தையில் கலயங்களைக் கொட்டி எண்ணினார்கள். அகப்பை போகாத ஆறு தெருவில் எழுபத்து நான்கு. அகப்பை போன ஆறு தெருவில் முப்பத்தொன்று.

“முப்பத்தொன்றா? ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டாமா?” என்று ராஜா முகம் சுளித்தார்.

வைத்தியர் துள்ளினார். “தோற்றுவிட்டார்! ஓலையை நிறைவேற்றுங்கள்!”

“பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது,” என்றார் மந்திரி. “கோரைத் தெருவில் மூன்று பேர்தான். முப்பத்தொன்றில் பத்தொன்பது ஒரே தெருவில். ஆள் விட்டுக் கேட்டேன், அங்கே அகப்பை பானைக்குள் போகவே இல்லையாம்.”

“எந்தத் தெரு அது?”

“வைத்தியர் தெரு.”

ராஜா ஓலையை எடுத்துத் திருமேனியாரிடம் நீட்டினார். “பரிசைப் பயன்படுத்தாத தெரு ஊருக்குள் இருக்கக் கூடாது என்றீரே. தெருப் பெயரை மட்டும் மாற்றி எழுதட்டுமா?”

“வேண்டாம் மகாராஜா.”

“உம்முடைய வீட்டிலாவது பயன்படுத்தினார்களா?”

வைத்தியர் தலைகுனிந்தார். “தெரியாது.”

“கேட்டா சொல்லிடுவாங்க சாமி,” என்றாள் மந்திரியோடு சபைக்கு வந்து ஓரமாக நின்ற சிலம்பாயி.

பட்டத்துக்கென்று நெய்து வைத்திருந்த பட்டுத் துணியை ராஜா அவளுக்குக் கொடுத்தார். முத்துமாலையை மந்திரிக்குப் போட்டார்.

திருமேனியார் ஓலையைத் தம் கையாலேயே கிழித்தார். பல்லக்கை அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதுவரை கால் வைக்காத தம் வீட்டு அடுக்களைக்குள் போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“உண்ணாமுலை, இந்த அகப்பையை ஏன் பானைக்குள் விடவில்லை?”

“குழம்பு அகப்பையைக் குடிக்கிற தண்ணியில யாராவது விடுவாங்களா?” என்றாள் மனைவி.

“அப்படியானால் எதை விடலாம்?” என்று கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.