மழைப்பாட்டும் புளியம் விளாறும்

"வாயைத் திறக்க மாட்டேங்குதுங்க சாமி!"

பாட்டு வாத்தியார் வைரவன் வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பொட்டல் சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது?"

"பிள்ளைங்கதான். பன்னிரண்டு வருசம் களை பறிக்கிற பொம்பளைங்க பின்னாலயே நடந்து சேர்த்த பாட்டு சாமி. பிள்ளைங்க வாயில ஏறணும்னுதானே உங்க காலடியில கிடக்கிறேன்? வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால மழைப்பாட்டுப் பாடணும். கஷாயம் குடிச்ச மூஞ்சியோட முனகுதுங்க. அந்த ராக்காயி மூணு மாசமா ஒரு எழுத்துப் பாடல. மத்தது வரிக்கு ஆறு தப்பு."

"தப்பு விட்டா?"

"புளியம் விளாறுதான். தப்புக்கு ஒரு அடி."

சாமி ஒரு சொத்தை மொச்சையைத் தூர எறிந்தார்.

"இந்தத் தடவையும் பாடலேன்னா, எழுதின நோட்டையெல்லாம் அடுப்புல போட்டுட்டு மாடு மேய்க்கப் போயிடுவேன்."

சும்மா சொல்லவில்லை மனுசன்.

"கருவேலங்காட்டுக்குப் போ. சத்தம் போடாம நின்னு கேட்டுட்டு வா."

போனான்.

மழை பொய்த்த ஊரில், மழையைத் தடுத்த பாவி இவன்தான் என்று வைக்கோலில் ஒரு ஆளைக் கட்டுவார்கள். தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, எல்லையில் எரிப்பார்கள். கொடும்பாவி என்று பேர்.

பிள்ளைகள் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கொடும்பாவியின் தோளில் வைரவனின் காணாமல் போன துண்டு. மூக்கில் அவனுடையதைப் போலவே கம்பிக் கண்ணாடி. கையில் புளியம் விளாறு.

அடப்பாவிகளா!

அவன் சொல்லிக்கொடுத்த அதே மெட்டு. மார்பில் அடித்து, தொண்டை கிழியப் பாடினார்கள்.

"விளாறு முறிஞ்சிருச்சே, வெரட்டும் குரல் நின்னுருச்சே,
வைரவன் வாத்தியாரே, வாயடைச்சுப் போனீரோ!"

வைரவன் முள் குத்தியதுகூடத் தெரியாமல் திரும்பி ஓடினான்.

"என்னையக் கொன்னுட்டாங்க சாமி! உசிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி! நான் அவ்வளவு பெரிய பாவியா?"

"எல்லாப் பிள்ளையும் பாடுச்சா?"

"பாடுச்சு."

"ராக்காயி?"

"அவதான் சாமி முன்பாட்டே! மத்தவங்க அவளுக்குப் பின்பாட்டு."

"எத்தனை தப்பு?"

வைரவன் பழக்கத்தில் விரலை மடக்கப் பார்த்தான். ஒரு விரலும் மடங்கவில்லை.

"ஒண்ணுகூட இல்ல சாமி."

காட்டுப்பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. சாமி எழுந்து போய்த் தீப்பெட்டியை எடுத்துவந்து அவன் கையில் வைத்தார்.

"அப்ப இங்க ஏன் நிக்கிற? எரிக்கிற நேரம் வந்துருச்சு. சின்னப் பிள்ளைங்க கையில நெருப்பைக் குடுக்கக் கூடாது. நீயே போய்க் கொள்ளி வை."