முன்னால் விரிந்த விசிறி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் மயிலாப்பூர் டெய்லர் காசிம் பாய். தொண்ணூற்று நான்காம் வருடம், என் பெரியவளின் சலங்கை பூஜைக்கு நாட்டிய உடை தைக்கக் கொடுத்திருந்தேன். "பாய், இந்த உடையில மட்டும் ரெண்டு காலுக்கும் நடுவுல எதுக்கு ஒரு விசிறி?" என்று கேட்டேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது பாதி. என் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி என் வாயில் சேர்ந்துகொண்டது பாதி. சாமி மன்னிக்கட்டும்.

அந்தக் காலத்தில், பறவைகளும் மிருகங்களும் நம்மோடு சரிசமமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, துணியை யாரும் வெட்ட மாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். தறியிலிருந்து இறங்கியதை அப்படியே உடம்பில் சுற்றிக்கொள்வதுதான். பெண்கள் புடவையைப் பாய் சுருட்டினாற்போல இறுக்கிச் சுற்றிக்கொண்டு, சின்னச் சின்ன அடி எடுத்து வைத்து நடப்பார்கள்.

மணிநல்லூர் என்று ஓர் ஊர். அங்கே அம்மன் திருவிழாவில் ஆடுகிறவள் அபரஞ்சி. திருவிழா அன்று காலையில், அம்மனுக்குச் சாத்திய பட்டை எடுத்து அவளிடம் கொடுப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டுதான் சாயங்காலம் ஆட வேண்டும். ஜரிகை கனம் கனக்கிற பட்டு. சலங்கைச் சத்தம் ஊருக்கெல்லாம் கேட்கும், ஆனால் கால் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. அந்தப் பட்டில் கத்தி வைத்தவர் ஊரைவிட்டே போய்விட வேண்டும் என்பது கட்டுப்பாடு.

ஒரு வருடம் அபரஞ்சி பட்டு தடுக்கி, அம்மன் முன்னாலேயே குப்புற விழுந்துவிட்டாள். கோயில் நந்தவனத்து மயில் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்ததோடு விட்டதா? நேரே தர்மகர்த்தா வைத்தியலிங்கத்திடம் போய், "ஐயா, எனக்குத் தோகை கூடவே பிறந்தது. தடுக்காது, விழாது. அடுத்த வருஷமும் அந்தப் பொண்ணு விழுந்தா, ஆடுற இடத்தை எனக்கே கொடுத்துடணும்" என்றது. அவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அபரஞ்சிக்கு ஆட்டத்தை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் திருவிழா அன்று காலையில் வீட்டு முற்றத்தில் பட்டைச் சுற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து பார்த்தாள். துணி காலைக் கவ்வியது. தொப்பென்று விழுந்தாள்.

மதில்மேல் உட்கார்ந்திருந்த மயில், "என்ன அபரஞ்சி, இப்பவே தரையைக் கும்பிட ஆரம்பிச்சுட்டே?" என்றது.

அவள் அம்மா உமையாள் விளக்கின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். மகள் வந்து அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "காலைக் கட்டிப்போட்டுட்டு ஆடுன்னா எப்படிம்மா ஆடுவேன்?" என்று அழுதாள். உமையாளுக்கு வேண்டுதல் பாதியிலேயே நின்றுவிட்டது.

கிணற்றடி அத்திச் செடியில் ஒரு தையல்சிட்டு, இலையில் மூக்கால் துளை போட்டுப் பஞ்சை இழுத்துக் கூடு தைத்துக்கொண்டிருந்தது. அது சொன்னது: "உமையா, இந்த இலையைப் பாரு. எத்தனை குத்துக் குத்தியிருக்கேன்! செடி செத்துப் போச்சா? பச்சையாத்தானே இருக்கு. நானும் பிள்ளைக்காரி. பிள்ளைக்காகன்னா குத்தித்தான் ஆகணும்."

"அது அம்மன் பட்டுடி."

"அம்மனும் பிள்ளைக்காரிதானே?"

உமையாள் விளக்கைக் கும்பிட்டாள். பிறகு எழுந்து கத்தியை எடுத்தாள். "அம்மா, வேண்டாம்மா, ஊரைவிட்டுத் துரத்திடுவாங்க" என்று மகள் கையைப் பிடித்தாள். "நீ வெட்டினாத்தானே உன்னைத் துரத்துவாங்க? கத்தி என் கையில இருக்கு. பாவமும் எனக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, உமையாள் பட்டை இரண்டாக வெட்டினாள்.

ஒரு துண்டை இரண்டு காலுக்கும் தனித்தனியாகச் சுற்றினாள். இன்னொரு துண்டைப் பனங்குருத்து மடிந்திருப்பதுபோல மடித்து மடித்துச் சிட்டின் முன்னால் வைத்தாள். சிட்டு கிடுகிடுவென்று தைத்தது. அதற்குத் தெரிந்தது கூடு தைக்கத்தான். அதனால் மேலேயும் தைத்தது, கீழேயும் தைத்து மூடிவிட்டது. அபரஞ்சி அதை இரண்டு காலுக்கும் நடுவில் வருமாறு கட்டிக்கொண்டு காலை அகட்டினாள். ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

"அடி சிட்டு, என் மகள் என்ன முட்டையா? கீழே பிரிச்சு விடுடி!" என்றாள் உமையாள். அழுதுகொண்டிருந்த அபரஞ்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிட்டு வெட்கத்தோடு கீழ்த் தையலை மட்டும் பிரித்தது.

சாயங்காலம் அபரஞ்சி ஆட வந்து நின்றாள். வைத்தியலிங்கம் பார்த்தார். "நிறுத்து! பட்டில் கத்தி வைத்தது யார்?" என்றார்.

உமையாள் கூட்டத்திலிருந்து எழுந்தாள். "நான்தான் ஐயா. முதல்ல அவ ஆடட்டும். நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

மத்தளம் அதிர்ந்தது. அபரஞ்சி முழங்காலை மடக்கினாள். முன்னால் மடிந்திருந்த பட்டு விசிறிபோல விரிந்தது பாருங்கள், ஊரே ஆவென்று வாயைப் பிளந்தது! எழுந்தாள், மூடியது. உட்கார்ந்தாள், விரிந்தது. குதித்தாள், சுழன்றாள், துள்ளினாள். "இத்தனை நாளா சத்தம் இங்கேயிருந்தா வந்துச்சு!" என்று பிள்ளைகள் சலங்கைக் காலைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள்.

மயிலும் விடுமா? எதிரே வந்து தோகையை விரித்தது. முன்னால் இருந்தவர்களுக்கு அழகாகத்தான் இருந்தது. பின்னால் இருந்தவர்கள், "ஐயா மயிலே, எங்களுக்கு உன் பின்பக்கம்தான் தெரியுது!" என்றார்கள். அபரஞ்சியோ எந்தப் பக்கம் திரும்பினாலும் விசிறியும் கூடவே திரும்பி விரிந்தது. மயில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. தோகையைச் சுருட்டிக்கொண்டு, "எனக்குப் பின்னால வைச்ச சாமி உனக்கு முன்னால வைச்சிருக்கு. நீயே ஆடு தாயே" என்று தலையைத் தாழ்த்தியது.

கடைசிவரை அபரஞ்சி விழவே இல்லை. ஆனாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே? "விடிந்ததும் உமையாளுக்குத் தீர்ப்பு" என்று சொல்லிவிட்டு வைத்தியலிங்கம் வீட்டுக்குப் போனார்.

காலையில் எழுந்து பார்க்கிறார், அவர் மனைவி பொன்னாத்தாள் புடவையை முன்னால் மடித்து மடித்துச் செருகிக்கொண்டு, வீசி வீசி நடந்து தண்ணீர் கொண்டுவருகிறாள்.

"இது என்னடி கோலம்?"

"வெட்டவும் இல்லை, தைக்கவும் இல்லை, மடிச்சுத்தான் விட்டிருக்கேன். இத்தனை வருஷமா நண்டு மாதிரி நடந்தேன், இன்னைக்குத்தான் மனுஷி மாதிரி நடக்கிறேன். உமையாளை அனுப்பறதா இருந்தா, என்னையும் சேர்த்து அனுப்புங்க."

அவர் வாசலுக்கு வந்தார். ஆற்றுப் பாதை முழுக்க மணிநல்லூர்ப் பெண்கள். எல்லோருக்கும் முன்னால் மடிப்பு, எல்லோர் காலிலும் வீச்சு. ஊரைவிட்டு அனுப்புவதென்றால் ஊரையே அல்லவா அனுப்ப வேண்டும்! வைத்தியலிங்கம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே உமையாள் வீட்டுக்குப் போனார். "அம்மா, அடுத்த வருஷப் பட்டையும் நீங்களே வெட்டிக் கொடுங்கள்" என்றார்.

உமையாள் விளக்கின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். பிறகு கிணற்றடிக்குப் போய், "சிட்டு, இனிமே தைக்கிறவங்க வீட்டு நூலெல்லாம் உனக்கும்தான்" என்று சொன்னாள்.

அன்று முதல்தான் ஆடுகிற பெண்ணுக்கு முன்னால் விசிறி வந்தது. அன்று முதல்தான் நாமெல்லாம் புடவையில் கொசுவம் வைத்துக் கட்டுகிறோம். காசிம் பாயும் வெட்டி விழுந்த நூல் துண்டுகளைப் பெருக்கித் தள்ளாமல் கடை ஜன்னலில் வைத்திருந்தார், நானே என் கண்ணால் பார்த்தேன். உங்கள் வீட்டுச் செடியில் இரண்டு இலை சேர்த்துத் தைத்திருந்தால், தயவுசெய்து அதைக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள்.